ஒளிச் சிகிச்சையும் உயிரணுக்களின் பேதமும்

ஒரே மருந்து, ஒரே விளக்கு, ஒரே கால அளவு. ஆயினும் ஒரு நோயாளியின் புண் கருகிப் பொருக்குத் தட்டி ஆறிவிடுகிறது. அதே சிகிச்சை பெற்ற மற்றொருவரின் புண்ணோ பாதி ஆறி, எஞ்சிய பாதி சில மாதங்களில் மறுபடியும் தலையெடுக்கிறது. புற்றுநோய்க்கு ஒளியைக் கொண்டு செய்யப்படும் சிகிச்சையின் சரித்திரம் முழுவதிலும் இந்த வித்தியாசம் தொடர்ந்து வந்திருக்கிறது. இதன் பயனாக அச்சிகிச்சையைப் பற்றி இரு கட்சிகள் ஏற்பட்டுவிட்டன. கத்தியுமில்லை, தலைமயிர் கொட்டுவதுமில்லை, வெறும் வெளிச்சத்தாலேயே கொடிய வியாதி ஓடிவிடும் என்று சொல்வோர் ஒரு கட்சி. சிலருக்குப் பலித்துச் சிலருக்குப் பலியாத வித்தையை வைத்தியம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்போர் மற்றொரு கட்சி. இவ்விரு கட்சியாரும் ஒளியையே பார்க்கிறார்களேயன்றி, ஒளி எதன்மேல் விழுகிறதோ அந்த உயிரணுவைப் பார்க்கவில்லை என்பது நமது அபிப்பிராயம். விளக்கு எல்லா உயிரணுக்களுக்கும் ஒரே விதமாகத்தான் எரிகிறது. அவ்வொளியால் மடிவதா பிழைப்பதா என்பது பெரும்பாலும் அந்தந்த உயிரணுவின் சொந்தக் குடித்தனத்தைப் பொறுத்த விஷயமாக இருக்கிறது.

இச்சிகிச்சை பிறந்ததே ஒரு வித்தியாசத்திற்குக் காரணம் தேடியதால்தான். ஜெர்மனி தேசத்து ம்யூனிக் நகரில் ஹெர்மன் பான் டாப்பைனர் என்ற பேராசிரியரிடம் ஆஸ்கார் ராப் என்ற வைத்திய மாணவர் பயின்று வந்தார். அக்ரிடீன் என்னும் சாயம் பரமேஸியம் என்ற ஓரணு நீர்ப்பிராணியை எவ்வளவு நேரத்தில் கொல்லுகிறது என்று கணக்கெடுப்பது அவருக்கு இடப்பட்ட வேலை. சாயத்தின் அளவு ஒன்றே, பிராணியும் ஒன்றே. ஆனால் ஒரு நாள் அவை விரைவில் மடிந்தன. மற்றொரு நாள் வெகுநேரம் உயிரோடு நீந்திக்கொண்டிருந்தன. கணக்கு ஒத்துவரவில்லையே என்று தாளைக் கிழித்தெறியாமல், அந்த இரு நாட்களுக்கும் என்ன பேதம் என்று அவர் யோசித்தார். ஒரு நாள் இடியும் மழையுமாக வானம் இருண்டிருந்ததென்பது நினைவுக்கு வந்தது. சாயம் மட்டும் கொல்வதில்லை, ஒளி மட்டும் கொல்வதில்லை, இரண்டும் கூடியபோதே மரணம் நேருகிறது என்ற உண்மை இவ்வாறு வெளியாயிற்று. 1900-ஆம் வருஷத்தில் ராப் அதைப் பிரசுரித்தார். 1903-ல் டாப்பைனரும் ஜெஸியோனெக் என்ற சரும வைத்தியரும் இயோஸின் சாயத்தைத் தோற்கட்டிகளின்மேல் தடவி வெளிச்சத்தில் காட்டிச் சிகிச்சை செய்து பார்த்தனர். பிராணவாயு இல்லாத இடத்தில் சாயமும் ஒளியும் சேர்ந்தும் பயனில்லை என்பதையும் டாப்பைனரின் ஆராய்ச்சிசாலையே அடுத்த சில வருஷங்களுக்குள் கண்டுபிடித்தது.

ஆகவே மூன்று பொருள்கள் ஓரிடத்தில், ஒரே சமயத்தில் கூட வேண்டும்: ஒளியை ஏற்கும் சாயம், அச்சாயத்திற்கு ஏற்ற நிறமுள்ள ஒளி, பிராணவாயு. சாயத்தின் அணுத்திரள் ஒளியை விழுங்கிக் கிளர்ச்சியடைகிறது. அக்கிளர்ச்சியை அருகிலுள்ள பிராணவாயுவுக்குக் கைமாற்றிவிட்டுத் தான் பழைய நிலைக்குத் திரும்புகிறது. கிளர்ச்சி பெற்ற பிராணவாயு, கண்டதையெல்லாம் எரிக்கும் வெறி கொண்டதாகிறது. கொழுப்பு, புரதம், சவ்வு எதுவும் அதற்குத் தப்புவதில்லை. ஆனால் அதன் ஆயுள் ஒரு விநாடியின் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குள் அது செல்லக்கூடிய தூரம் சில பத்து நானோமீட்டர் முதல் நூறு, இருநூறு நானோமீட்டர் வரை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு சாதாரண உயிரணுவின் குறுக்களவோ பத்தாயிரம் நானோமீட்டர். பெரிய மாளிகை ஒன்றில் ஓர் அறையின் மூலையில் பற்றிய தீ, அந்த மூலையிலேயே அணைந்துவிடுவது போல என்று வைத்துக்கொள்ளலாம். அப்பொறி எந்த அறையில் விழுந்தது என்பதே முக்கியமாகிறது. வாசகர்கள் இதனை மனத்தில் வைத்துக்கொள்ளக் கோருகிறோம்; பின்னால் வரும் பல விஷயங்கள் இதிலிருந்தே கிளைக்கின்றன.

சாயங்களுள் இச்சிகிச்சைக்கு மிகவும் உதவியவை போர்பிரின் என்னும் வகையைச் சேர்ந்தவை. நம் இரத்தத்திற்குச் செந்நிறம் தரும் பொருளுக்கு இவை நெருங்கிய உறவு. 1912-ல் ப்ரீட்ரிக் மேயர்-பெட்ஸ் என்ற ஜெர்மானிய டாக்டர் இருநூறு மில்லிகிராம் ஹெமடோபோர்பிரினைத் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டு வெயிலில் நின்றார். வெயில் பட்ட முகமும் கைகளும் உருத்தெரியாமல் வீங்கின; அந்த உபாதை பல வாரங்கள் அவரை விடவில்லை. 1924-ல் போலிகார் என்ற பிரெஞ்சுக்காரர், எலிகளின் கட்டிகள் புற ஊதாக் கிரணத்தின்கீழ் சிவப்பாக ஒளிர்வதைக் கண்டார். போர்பிரின் கட்டியில் தானே சேருகிறது என்பதற்கு அது சாட்சி. அமெரிக்காவில், பபலோ நகரத்து ராஸ்வெல் பார்க் புற்றுநோய் நிலையத்தில் தாமஸ் டோகர்ட்டி என்ற இரசாயன நிபுணர் தலைமையில் நடந்த வேலையே இதனைச் சிகிச்சை என்ற அந்தஸ்துக்கு உயர்த்தியது. 1978-ல் அவர்கள் வெளியிட்ட அறிக்கையில், 25 நோயாளிகளின் 113 கட்டிகளுள் 111 முழுமையாகவோ பகுதியாகவோ கரைந்தன என்று கண்டிருக்கிறது. அம்மருந்தின் சுத்திகரிக்கப்பட்ட வடிவத்தை 1993-ல் கனடாவும், 1995-ல் அமெரிக்காவும் அங்கீகரித்தன.

நூற்றுப் பதினொன்றைக் கண்டு உலகம் வியந்தது நியாயமே. ஆயினும் நமது கவனம் அசையாமல் நின்ற அந்த இரண்டின்மேலும், பகுதியாக மட்டும் கரைந்தவற்றின்மேலும் செல்கிறது. அவற்றுக்குள் நடந்தது யாது?

முதலாவது காரணம், சாயம் எல்லா உயிரணுக்களிலும் ஒரே அளவாகச் சேர்வதில்லை என்பதாகும். இதை நன்றாக விளக்கக்கூடியது அமினோலெவுலினிக் அமிலம் என்ற மருந்து. கனடாவின் கிங்ஸ்டன் நகரில் கென்னடி, பாட்டியர், ப்ராஸ் என்ற மூவர் 1990-ல் அறிமுகப்படுத்திய இம்முறை மிகவும் விசித்திரமானது. மருந்து தானே சாயமன்று. உயிரணு தன் சொந்த அடுப்பில் அதைச் சாயமாகச் சமைத்துக்கொள்ள வேண்டும். நம் ஒவ்வோர் உயிரணுவிலும் ஹீம் என்ற இரும்புச் சத்துள்ள பொருளைத் தயாரிக்கும் தொழில் இடையறாது நடக்கிறது. எட்டு அமினோலெவுலினிக் அமில அணுத்திரள்கள் படிப்படியாக இணைந்து ப்ரோட்டோபோர்பிரின் ஆகிறது. கடைசிப் படியில் பெர்ரோகிலேடேஸ் என்னும் என்ஸைம் அதனுள் இரும்பை வைத்துப் பூட்டுகிறது. பூட்டிய பின் அது ஹீம். ஒளிக்கு அஞ்ச வேண்டியதில்லை. பூட்டுமுன் அது ப்ரோட்டோபோர்பிரின். ஒளி பட்டால் நெருப்பு.

ஆரோக்கியமான உயிரணுவில் இந்தக் கடைசிப் படி தடையின்றி நடப்பதால், சாயம் மிகுதியாகத் தேங்குவதில்லை. புற்றுநோய் கொண்ட உயிரணுக்கள் பலவற்றில் முற்படிகள் வேகமாக நடக்க, பூட்டும் என்ஸைம் குறைந்தோ, இரும்பு கைக்கெட்டாமலோ போவதால், சாயம் மலைபோல் குவிந்துவிடுகிறது. பிறவியிலேயே அந்த என்ஸைம் குறைந்த குழந்தைகள் உண்டு. சற்று நேரம் வெயிலில் விளையாடினாலும் தோல் தீப்பட்டதுபோல் எரிந்து அவர்கள் துடிப்பார்கள். அக்குழந்தைகளின் உடல் முழுவதும் படும் துன்பம் எதுவோ, அதனையே கட்டிக்குள் மட்டும் வரவழைப்பது இச்சிகிச்சையின் யுக்தி என்று கூறலாம். ஆனால் ‘பலவற்றில்’ என்றோமேயன்றி ‘எல்லாவற்றிலும்’ என்று சொல்லவில்லை. ஒரே கட்டியில் ஓர் ஓரத்து உயிரணுக்கள் சாயம் நிறைந்து நிற்க, மறு ஓரத்தவை வெறுமையாக இருப்பது சகஜம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையற்கட்டில் சரி, கட்டியில் சரியன்று.

இப்பேதத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். மூளைக் கட்டிகளை அறுக்கும் டாக்டர்கள் நோயாளிக்கு முன்கூட்டி இம்மருந்தைக் குடிக்கக் கொடுத்து, நீல ஒளியில் மூளையைப் பார்க்கின்றனர். கட்டி சிவந்து ஒளிர்கிறது. 2006-ல் ஜெர்மனியில் வால்டர் ஸ்டூம்மரும் அவர் சகாக்களும் வெளியிட்ட பரிசோதனையில், இவ்வொளியின் துணையுடன் அறுத்தபோது 65 சதவிகித நோயாளிகளுக்கும், சாதாரண வெளிச்சத்தில் அறுத்தபோது 36 சதவிகிதத்தினருக்கும் கட்டியைப் பிம்பத்தில் தெரிந்த அளவில் முழுமையாக நீக்க முடிந்தது. இங்கு ஒளி வழிகாட்டியாக மட்டும் நின்றது. கொல்லும் வேலையைக் கத்தியே செய்தது. ஆயினும் கட்டியின் நடுவில் செந்தழல்போலும், விளிம்பில் மங்கலாகவும் ஒளிரும் அக்காட்சி, சாயம் எவ்வளவு ஏற்றத்தாழ்வாகச் சேருகிறது என்பதற்குத் தக்க சான்று.

சாயத்தைச் சமைப்பது ஒரு பக்கம் இருக்க, சமைத்ததை வெளியே இறைத்துக் கொட்டும் உயிரணுக்களும் உண்டு. உயிரணுவின் சவ்வில் ஏ.பி.ஸி.ஜி.2 என்று பெயரிடப்பட்ட ஒரு புரதம் ஏற்றம்போல் அமைந்திருக்கிறது. வேண்டாத பொருள்களை உள்ளிருந்து வெளியே தள்ளுவது அதன் கடமை. இதன் முக்கியத்துவம் 2002-ல் ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஆராய்ச்சியாளருக்கு எதிர்பாராத வகையில் புலப்பட்டது. இப்புரதம் இல்லாதபடி வளர்க்கப்பட்ட சுண்டெலிகளுள் சில, ஒளி பட்ட காதுகளிலும் உடலிலும் கொடிய புண் கண்டன. சில செத்தும் போயின. அவற்றின் தீனியில் குதிரைமசால் தழை கலந்திருந்தது. பச்சிலையின் பசுமை சிதைவதால் உண்டாகும் ஒரு பொருள் ஒளியை ஏற்கும் சாயமாகும். மற்ற எலிகள் அதை எளிதில் வெளியேற்றிவிட, இந்த எலிகள் இறைக்க ஏற்றமின்றிச் சாயத்தில் மூழ்கிவிட்டன. நாம் நித்தியம் கீரை உண்டும் வெயிலில் நடமாட முடிகிறதென்றால், அதற்கு இந்த ஏற்றத்திற்கும் ஒரு பங்கு நன்றி சொல்ல வேண்டும் போலும்! புற்றுநோய் உயிரணுக்களில் இவ்வேற்றம் மிகுதியாக உள்ளவை, டாக்டர் விளக்கை ஏற்றுவதற்குள் சாயத்தைக் கொட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்கின்றன. இமாடினிப் என்ற மருந்து இந்த ஏற்றத்தை நிறுத்தி ஒளிச் சிகிச்சையைப் பலப்படுத்துகிறதென்று 2007-ல் ராஸ்வெல் பார்க் நிபுணர்கள் பரிசோதனையில் கண்டனர். 2013-ல் நமது ஸுப்ரீம் கோர்ட்டில் காப்புரிமை வழக்கில் அடிபட்ட அதே மருந்துதான் இது.

நிற்க. சாயம் போதிய அளவு சேர்ந்துவிட்டதென்றே வைத்துக்கொள்வோம். அது உயிரணுவின் எந்த அறையில் தங்கியிருக்கிறது? மைட்டோகாண்ட்ரியா என்பது உயிரணுவின் அடுப்பங்கரை. சக்தி அங்கே பிறக்கிறது. உயிரணு தன்னைத்தானே முறைப்படி அழித்துக்கொள்ளும்படி கட்டளை பிறப்பதும் பெரும்பாலும் அங்கேதான். சாயம் அங்கு தங்கி ஒளி பட்டால், அக்கட்டளை சிறிது நேரத்திற்குள் பிறந்துவிடுகிறது. 1991-ல் க்ளீவ்லாண்ட் நகரில் நான்ஸி ஒலைனிக் அம்மையாரின் ஆராய்ச்சிசாலை சுண்டெலியின் இரத்தப் புற்று உயிரணுக்களில் இத்தற்கொலையை முதன்முதலாகத் தெளிவாகக் காட்டியது. சாயம் லைஸோஸோம் என்னும் குப்பைத் தொட்டிகளில் தங்கினால், தொட்டி உடைந்து உள்ளிருக்கும் செரிமான ரசங்கள் சிந்தி வேறு வழியாகச் சாவு வருகிறது. வெளிச் சவ்வில் தங்கினால் உயிரணு ஊதி வெடிக்கிறது. அடி மிதமானதாயிருந்தால், சேதமடைந்த பாகங்களைத் தானே தின்று சீர்செய்துகொண்டு பிழைப்பதும் உண்டு. டெட்ராய்ட் நகரத்து டேவிட் கெஸ்ஸல் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த இட விசாரணைக்கே செலவிட்டார்.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்லாமல் போவதற்கில்லை. எம்.ஸி.எப்.-7 என்னும் மார்புப் புற்று உயிரணுவில் காஸ்பேஸ்-3 என்ற தற்கொலைக் கருவி பிறவியிலேயே கிடையாது. ஆகவே அது ஒளிச் சிகிச்சைக்கு அடங்காதென்று எண்ணுவதற்கு இடமிருந்தது. 2001-ல் அதே க்ளீவ்லாண்ட் ஆராய்ச்சிசாலையார் அக்கருவியை அவ்வுயிரணுவுக்குத் திரும்பக் கொடுத்துப் பார்த்தனர். தற்கொலையின் கடைசிச் சடங்குகள் விரைவாக நடந்தன. ஆனால் மொத்தத்தில் எத்தனை மடிந்தன, எத்தனை பிழைத்துப் பெருகின என்று எண்ணியபோது வித்தியாசமில்லை. அதாவது, மரணம் முன்னதாகவே நிச்சயிக்கப்பட்டுவிட்டது. கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாகும் விதம் மாறியதேயன்றிச் சாவு மாறவில்லை. உயிரணு சாகும் விதத்தைக் கண்டு அது சாகுமா என்று முடிவு கட்டும் அவசரக்காரர்களுக்கு இப்பரிசோதனை ஒரு நல்ல தடை.

அடுத்தது பிராணவாயு. கட்டி அவசரமாக வளரும் பொருள். அதனுள் இரத்தக் குழாய்கள் ஒழுங்காக அமைவதில்லை. குழாயிலிருந்து நூறு, இருநூறு மைக்ரோமீட்டர் தள்ளியுள்ள உயிரணுக்கள் மூச்சுக்குத் திணறிக்கொண்டே வாழ்கின்றன. அவற்றில் சாயம் நிரம்பியிருந்தாலும், ஒளி பாய்ந்தாலும், எரிவதற்குப் பிராணவாயு இல்லாமையால் அவை தப்பிவிடுகின்றன. எக்ஸ்ரே சிகிச்சைக்கும் இக்குறை உண்டு. ஒளிச் சிகிச்சைக்கு அதிகப்படியாக ஒரு சங்கடம் இருக்கிறது: சிகிச்சையே இருக்கும் பிராணவாயுவையும் செலவழித்துவிடுகிறது. விளக்கைப் பிரகாசமாக ஏற்றினால், இரத்தம் புதிய வாயுவைக் கொண்டு வருமுன் உள்ளது தீர்ந்துபோய், மீதி வெளிச்சம் வீணாகிறது. ஆகவே மங்கலான ஒளியை நெடுநேரம் காட்டுவதும், நடுவில் நிறுத்தி நிறுத்திக் காட்டுவதும் பல சமயங்களில் அதிகப் பலன் தருகின்றன. டென்மார்க் தேசத்தில், புற்றுநோயாக மாறக்கூடிய தோல் தடிப்புகளுக்கு மருந்தைத் தடவி, நோயாளியை இரண்டு மணி நேரம் பகல் வெளிச்சத்தில் உலாவ விட்டுப் பார்த்தனர். பலன் விளக்கின் பலனுக்கு ஏறக்குறையச் சமமாகவும், வலி மிகவும் குறைவாகவும் இருந்தது. அதற்குக் காரணம் சாயம் சேரச் சேர அப்போதைக்கப்போது சிறிது சிறிதாக எரிந்துவிடுவதே. ஆயினும் இது மேல்தோலின் தடிப்புக்கு மட்டுமே பொருந்தும். சிவப்பு ஒளிகூடச் சதைக்குள் சில மில்லிமீட்டர் தூரமே பயனுள்ள அளவில் செல்லுகிறது. அதற்குக் கீழே உள்ளவற்றை ஸூரிய பகவானாலும் தொட முடியாது.

கறுப்பு நிறமுள்ள மெலனோமா என்ற தோற்புற்று இதற்கு நல்ல உதாரணம். அவ்வுயிரணுக்களில் உள்ள மெலனின் நிறப்பொருள் ஒளியைச் சாயத்திற்கு எட்டாமல் தானே விழுங்குகிறது. உண்டாகும் வெறிகொண்ட பிராணவாயுவின் ஒரு பகுதியையும் அடக்கிவிடுகிறது. வேறு சில உயிரணுக்கள் க்ளூடதையோன் முதலிய தற்காப்புப் பொருள்களை நிறையச் சேமித்து வைத்திருக்கின்றன. அடி பட்டவுடன் புதிய பாதுகாப்புப் புரதங்களைத் தயாரித்து அடுத்த அடிக்கு ஆயத்தமாகின்றவையும் உள. முதல் தடவையில் தப்பியவை இரண்டாம் தடவையில் இன்னும் கடினமாக இருக்கக் கூடும் என்பது இதனால் விளங்கும்.

உயிரணுவின் பேதத்தோடு உடம்பின் பேதமும் சேருகிறது. வான்கூவர் நகரில் கோர்பெலிக் என்பவரும் சகாக்களும் ஒரே வகைக் கட்டியை இருவகைச் சுண்டெலிகளில் வளர்த்து, ஒரே விதமாகச் சிகிச்சை செய்தனர். நோயெதிர்ப்புச் சக்தி உள்ள எலிகளில் கட்டி நிரந்தரமாக மறைந்தது. அச்சக்தி இல்லாதவற்றில் கட்டி முதலில் சுருங்கிப் பின் வளர்ந்துவிட்டது. ஒளிக்குத் தப்பிய உயிரணுக்களைத் துடைத்தெறியும் வேலையை உடம்பின் சேவகர்களே செய்திருக்கிறார்கள்.

இத்தனை பேதங்களையும் அறிந்த பின்னர், எல்லாருக்கும் ஒரே அளவு மருந்து, ஒரே அளவு ஒளி என்று அட்டவணையைப் பார்த்துச் சிகிச்சை செய்வது நியாயமாகாது. விளக்கேற்றுமுன் கட்டி எவ்வளவு ஒளிர்கிறது என்று அளந்து பார்க்கலாம். ஒளிராத பகுதியை ஒளியிடம் ஒப்படைக்காமல் கத்தியிடம் ஒப்படைக்கலாம். சாயம் குறைந்த உயிரணுவைச் சாயம் மிகுந்ததாக மாற்றவும் வழி தேடுகிறார்கள். இரும்பைப் பிடித்துவைக்கும் மருந்தைச் சேர்த்தால் பூட்டுவதற்கு இரும்பின்றிச் சாயம் கூடுகிறது. வைட்டமின் டி-யின் வீரியமுள்ள வடிவத்தை முன்கூட்டிக் கொடுத்தால், புற்றணுக்கள் சற்று முதிர்ச்சியடைந்து அதிகச் சாயம் சமைக்கின்றன என்று எட்வர்ட் மேட்டின், தயபா ஹஸன் முதலியோர் எலிகளில் காட்டினர். மனிதரிடத்திலும் பரிசோதனை நடந்திருக்கிறது. ஜப்பானியர் வேறு வழியில் சென்றனர். ஹிஸடாகா கோபயாஷி என்ற விஞ்ஞானி அமெரிக்காவில் வகுத்த முறைப்படி, புற்றணுவின் மேலுள்ள ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தேடி ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளுடன் சாயத்தைப் பிணைத்து, தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு 2020-ல் அந்நாட்டு அரசாங்கம் நிபந்தனையுடன் அனுமதி அளித்தது. அங்கும் அப்புரதம் குறைவாக உள்ள உயிரணு குறைவாகவே அடிபடுகிறது என்பதைச் சொல்ல வேண்டுமா?

நம் தேசத்தில் இந்த ஞானம் பண்டைக்காலத்திலேயே இருந்ததென்று சிலர் பெருமை பாராட்டுவதைக் கேட்டிருக்கிறோம். கார்போகரிசியை அரைத்துப் பூசி வெயில் காய்வது தோலின் வெண்புள்ளிகளுக்கு நம் வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கையாண்ட முறை என்பது உண்மையே. அதிலுள்ள ஸோராலென் வகைப் பொருள் ஒளியில் வேலை செய்கிறதென்பதும் உண்மை. ஆனால் அது பிராணவாயுவைக் கிளறுவதன்று. புற ஊதாக் கிரணம் பட்டவுடன் உயிரணுவின் டி.என்.ஏ.-யையே தையலிட்டாற்போல் பிணைத்துவிடுவது. முறை வேறு, வழி வேறு. நம் முன்னோருக்கு உரிய புகழ் போதும். உரிமையற்ற புகழைச் சேர்ப்பது அவர்களுக்கு மரியாதையன்று.

பெருமைப்பட வேண்டுமானால் அண்மைக்காலத்து வேலை ஒன்று இருக்கிறது. புகையிலையும் பாக்கும் மெல்லும் வழக்கத்தால், வாய்ப் புற்றுநோய் மலிந்த நாடுகளுள் நம் நாடு முன்னணியில் நிற்பது எல்லாரும் அறிந்த துயரம். பல லட்சம் ரூபாய் பெறும் லேஸர் யந்திரமும் தடையற்ற மின்சாரமும் எல்லா ஊர் ஆஸ்பத்திரிக்கும் கிட்டுபவை அல்ல. அலிகார் முஸ்லிம் ஸர்வகலாசாலையின் மருத்துவக் கல்லூரியாரும் மாஸாசூஸெட்ஸ் மாகாணத்து ஆராய்ச்சியாளரும் சேர்ந்து, பாட்டரியால் எரியும் சிறு விளக்கு ஒன்றையும், கைப்பேசியின் காமிராவையுமே கொண்டு, ஆரம்ப நிலை வாய்ப் புற்றுக்குச் சிகிச்சை செய்து பார்த்திருக்கிறார்கள். நோயாளி அமினோலெவுலினிக் அமிலக் கரைசலைக் குடிக்கிறார். கைப்பேசி புண்ணின் சிவந்த ஒளிர்வைப் படம் பிடித்துச் சாயம் சேர்ந்ததா என்று காட்டுகிறது. பிறகே விளக்கு எரிகிறது. விலை மலிவு என்பதைவிட, உயிரணுவைப் பார்த்துவிட்டு விளக்கை ஏற்றும் அந்த முறைதான் நம் மனத்தைக் கவர்ந்தது.

இத்தகைய பரிசோதனைகள் நடக்கும் இடங்களுக்கு நாம் ஒன்று சொல்ல விரும்புகிறோம். ஆறிய புண்களின் படங்களை மட்டும் பத்திரிகைக்கு அனுப்பாதீர்கள். ஆறாதவை எத்தனை, அவற்றில் சாயம் குறைந்திருந்ததா, பிராணவாயு குறைந்திருந்ததா, ஒளி எட்டவில்லையா என்பதையும் எழுதுங்கள். ராப் தம் ஒத்துவராத கணக்கை மறைத்திருந்தால் இச்சிகிச்சையே பிறந்திராது. நோயாளிகளுக்கும் ஒரு வார்த்தை. ஆரம்பத்தில் அறுத்தால் குணமாகும் என்று டாக்டர் சொன்ன கட்டியை, கத்திக்கு அஞ்சி, விளம்பரத்தை நம்பி, ஒளிக்காகத் தள்ளிப்போடுவது உயிரோடு விளையாடுவதாகும். ஒளி எந்தக் கட்டிக்கு ஏற்றது என்பதை அக்கட்டியைப் பரீட்சித்தவரே சொல்லக்கூடும்.

மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது உயிரணுவோடு மனிதனையும் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒரு சங்கதி உண்டு. சாயம் கட்டியில் மட்டுமன்றித் தோலிலும் சிறிது தங்கும். பழைய போர்பிரின் மருந்தை ஏற்றிக்கொண்டவர் குறைந்தது முப்பது நாட்கள் வெயிலில் முகம் காட்டக் கூடாது. அமினோலெவுலினிக் அமிலம் குடித்தவருக்கு இரண்டொரு நாள் ஒதுங்கியிருந்தால் போதும். குளிர் தேசத்தில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு ஒரு மாதம் வீட்டிலிருப்பது பெரிய காரியமன்று. வயலிலும் உப்பளத்திலும் சாலையிலும் வெயிலைச் சுமந்தே வயிறு வளர்க்கும் ஒருவருக்கு அந்த முப்பது நாட்கள் என்பது ஒரு மாதக் கூலி. சிகிச்சைக்குச் சம்மதம் கேட்கும் டாக்டர், கையெழுத்து வாங்குமுன் அவர் என்ன தொழில் செய்கிறார் என்று கேட்டுக்கொள்வது அவசியம்.